முதலெழுத்தின் சிவப்பு

சிவப்புப் பெயின்ற் மற்ற நிறங்களைப் போலக் கெதியில் காயாது, ஐயா. கறுப்பு காயும், மஞ்சள் காயும், நீலம் ஒரு நல்ல வெயிலுக்கே காய்ந்துவிடும். சிவப்பு மட்டும் மேலே காய்ந்த மாதிரிக் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் பச்சையாகவே கிடக்கும். அதுவும் இந்த மாரிக் காற்றில் கேட்கவே வேண்டாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பொலிஸ் ஸ்ரேஷன் முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிற அந்தக் காரின் முன்சின்னத்தில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நான் உள்ளே வரும்போது ஒருவர் அதற்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் பாக்கியரத்தினம். உட்துறைமுக வீதியில் எங்களுடைய பட்டறை. முழுக் காருக்கும் பெயின்ற் அடிக்கிற பட்டறை அல்ல. அதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுடைய வேலை சின்னம். காரின் முன்னுக்கும் பின்னுக்கும் சில்லு மூடிகளின் நடுவிலும் இருக்கிற கம்பனிச் சின்னங்கள். மங்கினால் துலக்குவோம், உடைந்தால் ஒட்டுவோம், நிறம் போனால் நிறம் வைப்போம். புதுக் கார் வரத்து நின்றபிறகு பழைய காருக்குத்தானே மவுசு. 'எங்களுடைய' என்கிறேன், இனி 'என்னுடைய' என்று சொல்ல வேண்டும். பழக்கம் போகவில்லை.

நான் வந்தது ஹிஸ்புல்லாவின் விஷயமாக. கிண்ணியாத் துறையில் வாகனம் ஏற்றுகிற மிதவைப் பாதையைக் கயிற்றால் இழுக்கிற ஹிஸ்புல்லாவை வியாழக்கிழமையிலிருந்து அடைத்து வைத்திருக்கிறீர்கள். கார் உருளாமல் சில்லுக்கு அண்டையாக வைத்த கட்டையை அவன் நேரத்தோடு எடுத்துவிட்டான், அதனால்தான் கார் உருண்டு என் மச்சான் ஆனந்தராசா செத்துப்போனான் என்பது உங்கள் எண்ணம். அவனுடைய பெண்சாதி கைப்பிள்ளையோடு வாசலில் குந்திக்கொண்டிருக்கிறாள். ஒரு பாவமும் அறியாத மனிதன் உள்ளே கிடக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹிஸ்புல்லா கட்டையை எடுக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் சின்னத்தைப் பற்றிச் சொல்லாமல் கட்டையைப் பற்றிச் சொல்ல ஏலாது.

ஆனந்தராசா என் பெண்சாதி அன்னலட்சுமியின் அண்ணன். அதற்கு முதலே எனக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் சல்லிக் கிராமத்தில் பிறந்தவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்ட் பெயின்ற் பகுதிக்கு ஒரே நாளில் வேலைக்குப் போனவர்கள். கப்பல் படகுகளின் முகப்பில் இருக்கிற முத்திரைகளுக்கு நிறம் வைப்பது எங்கள் வேலை: கிரீடம், நங்கூரம், சுற்றிவர ஒரு கயிறு. அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. முடித்த வேலையைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய பிழை எதுவோ அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும். சின்னப் பிழைகள் பிறகு. கப்பல் அவசரமாகப் புறப்பட்டாலும் பெரிய பிழை போயிருக்கும் அல்லவா. ஆனந்தராசா டொக்யார்ட்டை விட்டு வந்த பிறகும் அந்த ஒழுங்கை விடவில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் பெரிய பிழைதான் முதல்.

ஒருமுறை ஒரு கப்பல் கப்டன், நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முத்திரையைப் பார்க்க வந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆனந்தராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவன் கையிலிருந்த பெயின்றைக்கூடப் பார்க்காமல். நானும் என் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அவசரமாக இருந்திருக்கும்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. பொறாமை பிடித்தவன் ஒருவனோடு இவ்வளவு காலம் ஒரே மேசையில் வேலை செய்ய மாட்டான். வீட்டில் பாரை மீன் வாங்கினால் அன்னலட்சுமி தலையை அண்ணனுக்கென்று எடுத்து மூடி வைப்பாள். எனக்கு மீன் தலை பெரிதாகப் பிடிக்காது. பிடித்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பட்டறைப் பலகையில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது, என்னுடையதுதான் மேலே. அதை எழுதியதும் நான்தான். ஆனாலும் படலையைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் "ஆனந்தம் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள். நான் "ஓம், நிக்கிறார்" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போடுவேன். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

லாபிர் முதலாளியை உங்களுக்குத் தெரியும், மூதூரில் நெல் ஆலை வைத்திருக்கிறவர். வெள்ளைக்கார நேவி போகும்போது ஒரு அதிகாரியிடம் அவர் வாங்கிய வுல்ஸ்லிக் கார்தான் உங்கள் முற்றத்தில் நிற்கிறது. ஆலைக்குப் பின்னால் சாக்கால் மூடிக் கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது மகள் ஸல்ஹாவுக்குக் கலியாணம் பேசியதும் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை பிடித்தது. எஞ்சின் ஒரு இடத்துக்குப் போனது, தகர வேலை இன்னொரு இடத்துக்குப் போனது, சின்னங்கள் எங்களிடம் வந்தன.

மற்றக் கார்களில் இல்லாத ஒன்று அந்தக் காரில் உண்டு. முன்முகத்தின் உச்சியில் முட்டை வடிவில் ஒரு வெள்ளைச் சின்னம், அதில் சிவப்பு எழுத்தில் காரின் பெயர், அதற்குப் பின்னால் ஒரு சின்ன பல்ப். பொழுதுபட்டு லைற்றைப் போட்டால் பெயரும் சேர்ந்து எரியும். லாபிர் முதலாளி மயங்கியது அந்த வெளிச்சத்தில்தான். "மஃரிபுக்குப் பொறகுதான் மாப்பிள்ளயக் கூட்டி வாற. ஊரெல்லாம் அந்த எழுத்து எரியிறதப் பாக்கணும்" என்றார்.

சாதாரண சின்னத்துக்கு வெளிச்சம் முன்னாலிருந்து விழும். அதில் கண்ணை ஏமாற்றலாம். இதற்கு வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. நிறம் தடித்த இடம் கறுத்துத் தெரியும், மெலிந்த இடம் வெளிறித் தெரியும். கை எங்கே ஓடியது, எங்கே தயங்கியது, எங்கே பயந்தது எல்லாவற்றையும் அந்த பல்ப் காட்டிக்கொடுத்துவிடும். பகலில் பார்த்தால் ஆனந்தராசாவின் வேலையும் என் வேலையும் ஒன்றுதான். பல்பைப் போட்டால் ஒன்றாக இராது என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லையே.

லாபிர் முதலாளி என் முன்னால்தான் வேலையைப் பிரித்தார். "முன்சின்னத்த ஆனந்தம் செய்யட்டும். சில்லு மூடியும் பின்சின்னமும் பாக்கியம் பாக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் ஆனந்தராசா முன்சின்னத்தைத் துணியோடு கொண்டுவந்து என் பக்கத்து மேசையில் வைத்தான்.

"நீ செய் மச்சான். எனக்குச் சில்லு மூடி போதும்."

"முதலாளி உன்னையல்லோ செய்யச் சொன்னவர்?"

"அவருக்கு ஏன் சொல்ல வேணும்? உனக்கு இதில விருப்பம் எண்டு எனக்குத் தெரியும்தானே."

பிச்சை போடுகிறவன்கூட ஒருவன் கையை நீட்டினால்தான் போடுவான். நான் நீட்டவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சின்னம் அவ்வளவு வடிவு, ஐயா. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அன்னலட்சுமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முன்சின்னம் என் கைக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செய்யுங்கோவன். அண்ணன் வழமை மாதிரிக் கடைசியில ஒருக்காக் கை பார்ப்பார்தானே."

"வழமை மாதிரியோ?"

துருவுகிற கை நின்றது. "உங்களுக்குத் தெரியுமெண்டல்லோ நான் நினைச்சன்" என்றாள். துருவலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "நீங்கள் மனம் நோவீங்களெண்டு அண்ணன் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவர். நான் ஒண்டும் சொல்லேல்லை, விடுங்கோ" என்றாள்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டேன். நெஞ்சு எரிந்தது. அன்று குழம்பில் புளி கூட.

கேட்ட சொல்லை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. மறுநாள் ஒரு வாடகைக் காரின் சின்னம் என் கையில் இருந்தது. அதன் ஒரு மூலையில் நீலத்தைக் கொஞ்சம் தடிப்பாக விட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனேன். திரும்பி வந்தபோது தடிப்பைக் காணவில்லை. ஆனந்தராசா தூரிகையை டர்பன்டைனில் அலசிக்கொண்டிருந்தான். "என்ன மச்சான், வேளைக்கே வந்திட்டாய்?" என்று சிரித்தான். பிறகு வேறு வேலைகளிலும் அப்படியே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் வைத்த பிழை போயிருந்தது. சட்டைப் பையில் அவன் எப்போதும் ஒரு மெல்லிய தூரிகையையும், பாம் டப்பாவில் கொஞ்சச் சிவப்பையும் வைத்திருப்பான். அது ஏன் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒருவனுடைய சட்டையைத் திருடினால் அவன் சத்தம் போடலாம், உங்களிடம் வந்து முறையிடலாம். அவன் நித்திரை கொள்ளும்போது அவனுடைய கிழிசலைத் தைத்துவிட்டுப் போனால் அவன் என்ன செய்வான்? ஊர் அவன் சட்டையை வடிவு என்று சொல்லும். எந்தத் தையல் தன்னுடையது என்று அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி டொக்டர் தன் காரின் சின்னத்தைப் பார்த்து, "இது உம்முடைய வேலையா?" என்று ஒருநாள் என் தோளில் தட்டினார். அந்த ஒரு தட்டலை நான் வருஷக்கணக்காக வைத்திருந்தேன். அதுவும் அவனுடையதாக இருக்கலாம். நான் இதைக் களவு என்றுதான் சொல்வேன். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே முன்சின்னத்தை அவன் தொட விடவில்லை. பட்டறையில் செய்வேன், போகும்போது துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். பழைய சிவப்பைச் சுரண்டி எடுத்து, வெள்ளையைத் துலக்கி, எழுத்து எழுத்தாகப் புதுச் சிவப்பை வைத்தேன். மூச்சை அடக்கித்தான் ஒவ்வொரு இழுப்பும் இழுத்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் கை எனக்குத் தெரியும், ஐயா. அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முதல் செய்ததில்லை.

முடிந்த அன்று குசினியில் வைத்து, பின்னால் ஒரு பல்பைப் பிடித்து அன்னலட்சுமிக்குக் காட்டினேன். சுவர் முழுக்கச் சிவப்பு அடித்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்ல வடிவு. அண்ணன் பார்த்திட்டாரோ?"

முடிவெடுத்தது அப்போதுதான். கோபத்தில் எடுத்த முடிவு என்று எழுத வேண்டாம். பல்பை நிற்பாட்டிவிட்டு, சின்னத்தைச் சுற்றி வைத்துவிட்டு, ஆறுதலாக இருந்து யோசித்து எடுத்த முடிவு. அவன் இருக்கும் வரைக்கும் நான் செய்கிற எதுவும் அவன் பார்த்த பிறகுதான் முடிந்ததாகும். இது கணக்கு மாதிரி, இதில் உணர்ச்சிக்கு இடமில்லை.

பிறகு நான் கடைசி எழுத்தின் வாலில் சிவப்பைக் கொஞ்சம் திரள விட்டேன். ஒரு மிளகு அளவு. இது வேண்டுமென்று வைத்த பிழை, அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மற்ற எழுத்துகள் எல்லாம் சுத்தம். முதலெழுத்திலிருந்து எல்லாம் சுத்தம். பகலில் அந்தத் திரட்சி தெரியாது. லைற்றைப் போட்டால் ஆனந்தராசாவுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் காரை மூதூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. முன்சின்னத்தைக் காலையில் நானே காரின் முகத்தில் பொருத்திப் பூட்டினேன். ஓட்டியது நான், பக்கத்தில் ஆனந்தராசா. வழியில் மான் கூட்டம் ஒன்று வீதியை மறித்துக்கொண்டு நின்றது. அவன் இறங்கிப் போய், கொம்பு காரில் பட்டுவிடும் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றை விரட்டினான். திரும்பி வந்து ஏறும்போது, "கலியாணத்தண்டு முதலாளி உன்னைக் கூப்பிட்டுச் சபையில சொல்லவேணும் மச்சான், முன்சின்னம் பாக்கியம் செய்ததெண்டு. நான் அவரிட்டச் சொல்லுறன்" என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான், அதை நான் மறுக்கவில்லை.

கிண்ணியாத் துறைப் பாதை உங்களுக்குத் தெரியாததல்ல. மிதக்கிற பெரிய தட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். வாகனம் ஏறியதும் ஆட்கள் எல்லாரும் இறங்கி நிற்க வேண்டும், சாரதி இறங்கிப் பின்சில்லுக்கு முன்னால் கட்டை வைக்க வேண்டும். முன்பக்க இரும்புப் பலகையை நிமிர்த்திச் சங்கிலி போடுவார்கள். கட்டையைப் பற்றித் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வைத்தவன்தான் எடுக்க வேண்டும். வேறொருவன் வைத்த கட்டையை யாரும் தொட மாட்டார்கள், காலால் இடறவும் மாட்டார்கள். அதனாலேயே அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

"கட்ட வெச்சாச்சா அண்ணே?" என்று ஹிஸ்புல்லா முன்னாலிருந்து கேட்டான்.

"ஓம்" என்றேன். பொய் இல்லை. அப்போது வைத்திருந்தேன்.

அந்தக் காரின் கை பிரேக் பிடிக்காது, அது ஆனந்தராசாவுக்கும் தெரியும். கியரை நான் நியூட்ரலில் சும்மா விட்டிருந்தேன், அது அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கட்டை வைத்தது நான் என்பதால் அவன் யோசித்திருக்க மாட்டான்.

பாதி வழியில் பொழுது மங்கியது. லைற்றைப் போட்டேன். சின்னம் எரிந்தது. கயிறு இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், என்ன வடிவு" என்றான் ஹிஸ்புல்லா. ஆனந்தராசா காருக்கு முன்னால் போய், முன்பக்க இரும்புப் பலகையில் முதுகு முட்டுமட்டும் தள்ளி நின்று, தலையைச் சரித்துப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவன் கண் ஒரு இடத்தில் போய் நின்றது.

"எப்பிடி மச்சான்?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"நல்லாயிருக்கு மச்சான். என்ன சந்தேகம் உனக்கு? நீ பின்னுக்குப் போய் ஒரு பீடியைப் பத்தன். கரை வர நேரமிருக்கு."

பாருங்கள், என்னைப் பின்னுக்கு அனுப்பியதும் அவன்தான். நான் போனேன். ஒரு விஷயத்தை நீங்கள் எனக்காகக் கவனிக்க வேண்டும். நான் அவனுக்கு ஒரு வழி விட்டிருந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் நான் கட்டையைத் தொட்டிருக்க மாட்டேன். கலியாணமும் நடந்திருக்கும், அவனும் வந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டிருப்பான். அவன் காருக்கு மேலால் ஒருமுறை என்னை எட்டிப் பார்த்தான், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனா என்று. நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் தலை கீழே போனது. முழங்காலில் நின்றுவிட்டான் என்று விளங்கியது.

கிண்ணியாப் பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். கயிறு இழுக்கிறவர்கள் எல்லாரும் கரைப் பக்கம் முகம் வைத்துக் கடைசி இழுப்பை இழுத்தார்கள். நான் காலால் கட்டையை ஒரு பக்கமாகத் தள்ளினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. பாதை கரையில் முட்டி நின்றது, கார் நிற்கவில்லை. பம்பருக்கும் இரும்புப் பலகைக்கும் நடுவில் அவன் இருந்தான். அவ்வளவுதான் நடந்தது.

ஹிஸ்புல்லா ஓடிவந்து கட்டையைத் தூக்கிச் சில்லுக்கு அண்டை கொடுத்தான், கார் மேலும் நெருக்காமல் இருக்க. ஆட்கள் கண்டது அவன் கையில் கட்டை இருந்ததைத்தான். உங்களுக்குச் சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பிந்திப் பார்த்தார்கள்.

நான் முன்னுக்குப் போனேன். ஆனந்தராசாவுக்கு அப்போது உயிர் இருந்தது. தூரிகை பிடித்த கையை அவன் உயர்த்தி, சின்னத்தில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாய் அசைந்தது. கிட்டப் போய்க் கேட்டேன்.

"தொடாதை மச்சான்" என்றான். "காயேல்லை."

அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. காருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஐயா. நடுவில் அவன் இருந்தபடியால்.

செத்த வீட்டுக்கு லாபிர் முதலாளி வந்தார். கலியாணத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறாராம். பந்தலுக்குள் கதிரையில் இருக்க மாட்டாமல் நின்றுகொண்டே அழுதார். "இப்பிடி ஒரு கை இனி இந்த ஊருக்குக் கிடைக்காது. அந்த முன்சின்னம் ஆனந்தத்திட கடைசி வேல. நான் மவுத்தாகும் மட்டும் அதுல ஒருத்தரையும் கை வெக்க விடமாட்டன்" என்றார். சனம் முழுக்க உச்சுக்கொட்டியது. அன்னலட்சுமி பெட்டியடியில் இருந்தாள். அந்தச் சின்னத்தைச் செய்தது யார் என்று அந்தப் பந்தலுக்குள் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சின்னத்தைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பு அவள் இடுப்பில் இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம் முதலாளி, அண்ணன்ர கைதான்" என்று சொல்லி ஒப்பாரி வைத்தாள்.

அதற்காக நான் இங்கே வரவில்லை. ஹிஸ்புல்லாவுக்காகத்தான் வந்தேன். அவனை இன்றைக்கே விட்டுவிடுங்கள், பெண்சாதி வாசலில் நிற்கிறாள். ஆனால் வந்த இடத்தில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது: முன்சின்னம் முழுக்கப் பாக்கியரத்தினத்தின் வேலை. அதை முதலில் எழுதுங்கள், கட்டையைப் பிறகு எழுதலாம்.

முழுக்க என்று சொன்னேன். ஒரு சின்ன விஷயம் இருக்கிறது.

அன்று துறையில் ஆட்கள் அவனைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோகும்போது நான் காரடியில் நின்றேன். லைற் எரிந்துகொண்டிருந்தது. கடைசி எழுத்தைப் பார்த்தேன். நான் வைத்த திரட்சி வைத்த மாதிரியே கிடந்தது, அவன் அதைத் தொடவே இல்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். முதலெழுத்தில் விரல் ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் பச்சைச் சிவப்பு.

அவன் பெரிய பிழையில்தான் முதலில் கை வைப்பான் என்று சொன்னேன். அது அவனுடைய ஒழுங்கு. அன்றைக்கு மட்டும் மாற்றியிருப்பான். பொழுதுபட்ட நேரம், தண்ணீரின் மினுக்கம், கண் தடுமாறியிருக்கும். இல்லையென்றால் முன்னுக்கு இருக்கிற எழுத்து என்று தொடங்கியிருப்பான். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. இரண்டு நாளாக யோசித்துவிட்டேன்.

என்னை நீங்கள் எங்கே வைத்தாலும் இருப்பேன், ஓட மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். காரை முதலாளியிடம் கொடுப்பதற்கு முதல் என்னை ஒருக்கா அதனடியில் விடுங்கள். விலங்கு போட்டே கூட்டிக்கொண்டு போங்கள். துணியும் கொஞ்சம் டர்பன்டைனும் மடியில் கொண்டுவந்திருக்கிறேன். சிவப்பு கெதியில் காயாது என்று சொன்னேனே, இன்றைக்கென்றால் அவன் வைத்தது துடைக்கத் துடைக்க வந்துவிடும், கீழே என்னுடையது காய்ந்து அப்படியே இருக்கும். நாளைக்கென்றால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க ஏலாது. அதனால்தான் இன்றைக்கே வந்தேன். லைற்றைப் போடச் சொல்லுங்கள், நீங்களும் வந்து பக்கத்தில் நின்று பாருங்கள். முதலெழுத்தில் ஒரு பிழையும் இல்லை, ஐயா. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.